ஆதாரத்தின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு

குமரி மாவட்டம் திங்கள்சந்தையில் எனக்கு ஒரு சின்னக் கடை. ஜெராக்ஸ், டைப்பிங், கல்யாணக் கார்டு டிசைன், ஆன்லைன் விண்ணப்பம், மழைக்கு ஒதுங்குகிறவர்களுக்கு ஒரு பெஞ்சு. கணினி மூன்று இருந்தது. 2025 சித்திரையில் ஒருநாள் மாலை இடிமழையில் ஒன்று போனது. மின்னலுக்குப் பயந்து எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு, நெட் கேபிளை மட்டும் மறந்துவிட்டேன். அந்த வழியாக வந்து மதர்போர்டைத் தின்றுவிட்டது. போனது கடையிலேயே பழைய பெட்டி, 32 பிட் விண்டோஸ் 7. போகட்டும் என்று விட்டுவிடலாம் என்றால், என் ஸ்கேனர் அதில் மட்டும்தான் ஓடும்.

அந்த ஸ்கேனரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2009-இல் வாங்கியது. கனமான கண்ணாடித் தட்டு, இன்றைக்கும் கீறல் இல்லை. புத்தகத்தை விரித்து வைத்தால் நடு மடிப்பு வரைக்கும் தெளிவாக எடுக்கும். விற்ற நிறுவனம் 64 பிட் விண்டோஸுக்கு அதன் டிரைவரை, அதாவது ஸ்கேனரைக் கணினியோடு பேச வைக்கிற மென்பொருளை, கடைசி வரை தரவில்லை. மீதி இருந்த இரண்டு கணினிகளும் 64 பிட் விண்டோஸ் 10. செருகிப் பார்த்தால், யாரென்றே தெரியாத விருந்தாளியைப் பார்ப்பதுபோல ஒரு மஞ்சள் ஆச்சரியக்குறி. போதாக்குறைக்கு விண்டோஸ் 10-க்கான ஆதரவு அந்த வருடம் அக்டோபர் 14-ஓடு முடிகிறது என்று திரையில் நினைவூட்டல் வேறு. 11-க்குப் போக டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் கேட்கிறது, என் பெட்டிகள் 2015-இல் வாங்கியவை. ஆக, நல்ல நிலையில் இருக்கிற மூன்று பொருள்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கு என்று எனக்குச் சொல்லப்பட்டது. கையில் அவ்வளவு பணமில்லை, மனசும் வரவில்லை.

என் மச்சினனுக்குப் பாறசாலையில் வீடு. களியக்காவிளை தாண்டினால் பத்து நிமிடம், ஆனால் மாநிலம் வேறு. 1956 நவம்பர் 1-இல் எல்லைக்கோடு போட்டதில் எங்கள் தாலுகாக்கள் இந்தப் பக்கம் வந்தன, அவர்கள் ஊர் அந்தப் பக்கம் நின்றுவிட்டது. அதன் ஒரு விளைவு என்னவென்றால், அவன் படித்த கேரள அரசுப் பள்ளியில் கம்ப்யூட்டர் என்றாலே விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளம்தான், பத்தாம் வகுப்பு ஐ.டி. பரீட்சையே அதில்தான் எழுதினான். நான் 'ஸ்டார்ட் பட்டன் எங்கே' என்று தேடிக்கொண்டிருந்த வயதில் அவன் டெர்மினலில் டைப் அடித்துக்கொண்டிருந்தான். "அத்தான், ஒரு பென்டிரைவ் எடுங்க. நிறுவவே வேண்டாம், ஓட்டி மட்டும் பாப்போம்" என்றான்.

இதை நான் எல்லாருக்கும் சொல்கிறேன். லினக்ஸ் மின்ட் மாதிரி ஒன்றைப் பென்டிரைவில் ஏற்றி, ஹார்ட் டிஸ்கைத் தொடாமல் அதிலிருந்தே கணினியை ஓட்டலாம். அந்த ஒரு மணி நேரத்தில் கடையில் இருக்கிற ஒவ்வொரு சாமானையும் செருகிப் பார்த்துவிட வேண்டும். சும்மா திரையைப் பார்த்து 'அழகா இருக்கு' என்று நிறுவிவிட்டு, மறுநாள் வாடிக்கையாளர் நிற்கும்போது பிரிண்டர் ஓடவில்லை என்று வெப்ராளப்படுவது இரண்டாம் வழி. அந்த வழியில் போனவர்கள்தான் 'லினக்ஸ் சரிவராது' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் சோதனையில் சத்தம், திரை, கீபோர்டு, தமிழ்99 எல்லாம் பிரச்சினை இல்லை. முரண்டு பிடித்தவை நான்கு.

வைஃபை டாங்கிள் முதலாவது. நாகர்கோவிலில் ஒரே கடையில், ஒரே பெயர் போட்ட பெட்டியில் இரண்டு வாங்கியிருந்தேன். ஒன்று செருகியதும் ஓடியது. மற்றது அசையவே இல்லை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் எறும்பு எழுத்தில் ஒன்றில் வி2, இன்னொன்றில் வி3. மேல்சட்டை ஒன்றுதான், உள்ளே சிப்பே வேறு! மச்சினன் 'எல்எஸ்யூஎஸ்பி' என்று ஒரு கட்டளை அடித்துக் காட்டினான். செருகியிருக்கிற ஒவ்வொரு யூ.எஸ்.பி. சாமானுக்கும் நான்கு இலக்கம், ஒரு முக்காற்புள்ளி, மறுபடி நான்கு இலக்கம் என்று வருகிறது. முன்பாதி செய்தவன் எண், பின்பாதி பொருள் எண். ஆளின் பெயரை விட்டுவிட்டு ஆதார் எண்ணைப் பார்ப்பது மாதிரி. அன்றிலிருந்து எதைத் தேடினாலும் மாடல் பெயரில் தேடுவதில்லை, அந்த எட்டு இலக்கத்தில்தான். வி3 டாங்கிளைக் கடைக்காரரிடமே கொடுத்து மாற்றிக்கொண்டேன். எல்லாவற்றோடும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

பிரிண்டர் இரண்டாவது. பெரிய லேசர் பிரிண்டர் ஒரு வார்த்தை பேசாமல் ஓடியது, சின்னது மறுத்தது. காரணம் எளிது. விலை கூடியதற்குச் சொந்த மூளை உண்டு, பி.சி.எல். அல்லது போஸ்ட்ஸ்கிரிப்ட் என்கிற பொதுமொழி தெரியும். மலிவானதற்கு மூளையை எடுத்துவிட்டார்கள். பக்கத்தைப் புள்ளி புள்ளியாகப் பிரித்துக் கொடுக்கும் வேலையைக் கணினியே செய்ய வேண்டும், அதுவும் அந்த நிறுவனத்துக்கு மட்டும் தெரிந்த குழூஉக்குறியில். இனி வாங்கும்போது அட்டையில் பி.சி.எல்., போஸ்ட்ஸ்கிரிப்ட், ஏர்பிரிண்ட், ஐ.பி.பி. எவ்ரிவேர் இவற்றில் ஒன்றாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் டிரைவரே தேட வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு கதை. 1980 வாக்கில் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் பிரிண்டர் ஒன்று வந்தது. பழைய பிரிண்டரில் காகிதம் சிக்கினால், காத்திருப்பவர்கள் திரையில் தகவல் வரும்படி அங்கே மென்பொருளைத் திருத்தி வைத்திருந்தார்கள். புதியதற்கு அதைச் செய்யலாம் என்று ரிச்சர்ட் ஸ்டால்மன் மூல நிரலை, அதாவது அந்த மென்பொருளை எழுதிய வரிகளை, தேடிப் போனால், கிடைக்கவில்லை. அந்தக் கசப்பும் சேர்ந்துதான் 1983-இல், யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருளை உருவாக்கும் குனூ திட்டத்தை அறிவித்தார். இன்று உலகத்தையே சுமக்கிற கட்டற்ற மென்பொருளுக்குப் பின்னால் ஒரு பேப்பர் ஜாம் இருக்கிறது என்பதில் ஜெராக்ஸ் கடைக்காரனான எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

மூன்றாவது விரல் ரேகைக் கருவி. அதை நான் லினக்ஸில் ஓட்டவில்லை, இப்போதும் ஓட்டுவதில்லை. அதற்குரிய சேவை மென்பொருள் ஆண்ட்ராய்டிலும் இருந்ததால் ஒரு பழைய போனில் ஓ.டி.ஜி. கேபிள் மாட்டி வேலையை முடித்துக்கொண்டேன். தோற்றதை மறைக்க ஒன்றுமில்லை.

நான்காவதுதான் ஸ்கேனர். லினக்ஸில் ஸ்கேனர்களோடு பேசுவதற்குச் 'சேன்' என்று ஒரு திட்டம் இருக்கிறது. 'ஸ்கேனர் ஆக்செஸ் நவ் ஈஸி' என்பதன் சுருக்கம். சேன் என்றால் புத்தி தெளிந்தவன் என்றும் பொருள், யாரோ குறும்புக்காரர் வைத்த பெயர். அவர்களிடம் ஒரு நீண்ட பட்டியல் உண்டு. ஒவ்வொரு மாடலுக்கும் எதிரே அது எவ்வளவு ஓடும் என்று ஒரு சொல்: முழுமை, நன்று, அடிப்படை, குறைந்தபட்சம், சோதிக்கப்படாதது, ஆதரவில்லை. என் ஸ்கேனர் 'சோதிக்கப்படாதது' வரிசையில் இருந்தது. அதன் தம்பி மாடல் ஓடுகிறது, உள்ளே ஒரே வகைச் சிப், ஆகவே இதுவும் ஓடலாம் என்று யாரோ ஊகித்துச் சேர்த்திருக்கிறார்கள். ஓட்டிப் பார்த்துச் சொல்ல அந்த ஸ்கேனர் வைத்திருக்கிற ஒருவரும் வரவில்லை.

ஓடியது. அதாவது, விளக்கு எரிந்தது, தலை நகர்ந்தது, படம் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் கைதட்டிக்கொண்டோம்.

அடுத்த வாரம் ஒரு பாட்டா வந்தார். கையில் தோள்துண்டில் சுற்றிய பழைய ஆதாரம். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம்: எங்கள் பக்கத்தில் ஆதாரம் என்றால் நிலப் பத்திரம். ஆதார் கார்டு பின்னால் வந்த விஷயம், அதனால் கடையில் தினமும் ஒரு குழப்பம் நடக்கும். இது திருவிதாங்கூர் காலத்துச் சங்கு முத்திரைக் காகிதம், கொல்லம் ஆண்டு 1109, மலையாள எழுத்து, மை பழுப்பேறிக் காகிதத்தின் நிறத்தோடு கலந்துவிட்டது. வக்கீல் கலரில், பெரிதாக்கிப் பார்க்கிற மாதிரி கேட்டாராம். 600 டி.பி.ஐ., அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி, வைத்து எடுத்தேன். பெரிதாக்கினால், ஒவ்வொரு எழுத்தின் தலையிலும் மெல்லிய நீலக் கோடு, காலடியில் சிவப்புக் கோடு. சின்ன எழுத்துகள் மூன்று மூன்றாகத் தெரிந்தன.

"என்ன மக்கா, கண்ணு எனக்குத்தான் செரியில்லியா?" என்றார் பாட்டா.

கறுப்பு வெள்ளையில் எடுத்தேன், சுத்தமாக வந்தது. தற்சமயத்துக்கு இதைக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். காசு வாங்கவில்லை.

அன்று ராத்திரியே சேன் திட்டத்தில் பிழை எழுதும் இடத்தைத் தேடிப் பிடித்து எழுதினேன். மாடல் பெயர், 'கலர் நாட் கம்மிங் ப்ராப்பர்லி, ப்ளீஸ் டூ த நீட்ஃபுல்'. அவ்வளவுதான். ஒன்பது நாள் பதில் இல்லை. எனக்குக் கோபம். மச்சினனிடம் போனில் புலம்பினேன். அவன் கேட்டான்: "அத்தான், உங்க கடைக்கு ஒரு ஆள் வந்து 'நெட்டுல ஏதோ போடணுமாம், போட்டுக் குடு'ன்னா என்ன செய்வீங்க?"

என்ன போட வேண்டும் என்று தெரியாது, எந்த ஆபீஸ் என்று தெரியாது, கையில் காகிதம் ஒன்றும் இருக்காது, ஆனால் அவசரம். அப்படிப்பட்டவர்களைத் தினம் பத்துப் பேரைப் பார்க்கிறேன், மனசுக்குள் திட்டுகிறேன். அதே ஆளாக நான் போய் நின்றிருக்கிறேன்.

இரண்டாம் முறை எழுத மூன்று மாலைகள் ஆயின. முதலில் எட்டு இலக்க எண். எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு, சேன் எந்தப் பதிப்பு. பிறகு ஒன்றை மட்டும் மாற்றி மற்றதெல்லாம் அப்படியே வைத்துச் சோதனை: கறுப்பு வெள்ளை, கலர். 150, 300, 600. கறுப்பு வெள்ளையில் எல்லா அளவிலும் சுத்தம், கலரில் மட்டும் கோடு. 150-இல் கண்ணுக்கே தெரியாது, 300-இல் லேசாக, 600-இல் பளிச்.

இங்கேதான் என் தொழில் எனக்குக் கைகொடுத்தது. அந்தச் சிவப்பு, நீலக் கோடுகளை நான் முன்பே பார்த்திருக்கிறேன், சிவகாசியில் அடித்து வரும் மலிவு காலண்டர்களில். நான்கு நிறத்துக்கு நான்கு தட்டு. ஒரு தட்டு நூலளவு நகர்ந்தால் சாமி படத்தின் உதடு கன்னத்துக்குப் போய்விடும். அச்சுக்காரர்கள் அதை ரெஜிஸ்டர் விலகல் என்பார்கள். என் ஸ்கேனரிலும் அதேதான். இந்தப் பழைய வகை ஸ்கேனர்களில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் மூன்று வரிசைக் கண்கள், ஒன்றன்பின் ஒன்றாக. காகிதத்தின் ஒரே கோட்டைச் சிவப்புக்கண் முதலில் பார்க்கிறது, அப்புறம் பச்சை, அப்புறம் நீலம். முந்தியதைப் பிடித்து நிறுத்தி, பிந்தியது வந்து சேர்ந்ததும் மூன்றையும் ஒன்றாக அடுக்குவது மென்பொருளின் வேலை. எத்தனை வரி நிறுத்த வேண்டும் என்ற கணக்கு தம்பி மாடலுடையது. அண்ணனுக்குச் சட்டை பொருந்தவில்லை.

அளந்து பார்த்தேன். வெள்ளைத் தாளில் குறுக்காகக் கறுப்புக் கோடுகள் போட்டு லேசரில் எடுத்து, அதை 600-இல் ஸ்கேன் செய்து, ஜிம்ப் என்கிற பட மென்பொருளில் மூன்று நிறத்தையும் தனித்தனித் தட்டாகப் பிரித்தேன். பச்சைத் தட்டில் ஒரு கோடு 212-ஆவது வரிசையில் தொடங்குகிறது. சிவப்பில் 208. நீலத்தில் 216. மேலே நான்கு, கீழே நான்கு. 300-இல் செய்தால் இரண்டு, இரண்டு. 150-இல் ஒன்று, ஒன்று. இவ்வளவு ஒழுங்காக ஒரு கருவி பழுதாகாது, இது கணக்குப் பிழைதான். 600 டி.பி.ஐ.யில் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 23.6 வரிசை. ஆக, என்னைப் பாடாய்ப் படுத்தியது மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு.

இதை எல்லாம் என் திங்கள்சந்தை இங்கிலீஷில், சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினேன். படம் இணைத்தேன். இரண்டு எச்சரிக்கை. ஏ4 முழுப் பக்கம் 600 கலரில் 100 எம்.பி.க்கு மேல் போகும், இரண்டு சென்டிமீட்டர் துண்டு போதும். இன்னொன்று, வாடிக்கையாளரின் காகிதத்தை மாதிரிக்கு அனுப்பாதீர்கள். பாட்டாவின் ஆதாரத்தில்தான் பிழை நன்றாகத் தெரிந்தது என்பது உண்மைதான், ஆனால் அது அவர் சொத்து. அதனால்தான் கோடு போட்ட தாள்.

மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே பதில் வந்திருந்தது. எழுதியவர் இந்த வேலைக்குச் சம்பளம் வாங்காத ஒருவர். அவரிடம் என் மாடல் கிடையாது. இருக்கவும் முடியாது, உலகத்தில் இருக்கிற ஸ்கேனரை எல்லாம் வாங்கி அடுக்க எந்த வீட்டில் இடம் இருக்கிறது? கருவி என் மேசையில், விவரம் அவர் தலையில், நடுவில் பல ஆயிரம் மைல். 'ஓப்பன் சோர்ஸ்காரன் ஒழுங்காகச் செய்ய மாட்டான்' என்று சொல்கிறவர்களிடம் நான் இப்போது ஒன்று கேட்பதுண்டு. காசு வாங்கி விற்றவன், உள்ளே எத்தனை வரி இடைவெளி என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் இந்தப் பாடே கிடையாது. அவனை யாரும் திட்டுவதில்லை. சும்மா செய்கிறவன்மேல்தான் எல்லாக் கோபமும். மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன். உதவி கேட்டு வருகிறவனிடம் 'நிரல் திறந்துதானே கிடக்கிறது, நீயே திருத்து' என்று சொல்லும் சில மேதாவிகள் உண்டு. கிணறு திறந்துதானே கிடக்கிறது, குதி என்பது மாதிரி.

அவர் ஒரு திருத்தம் செய்து, மூல நிரலை இறக்கி, கணினியில் ஓடும் மென்பொருளாகத் தொகுத்துப் பார் என்றார். வாழ்க்கையில் முதல்முறை. ஓண விடுமுறைக்கு வந்திருந்த மச்சினனைப் பாயசம் குடித்த கையோடு உட்கார வைத்தேன். தொகுத்தோம், பிழையே வரவில்லை, ஆனால் ஸ்கேனரே காணவில்லை என்றது. ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்த பிறகு மேலே உருட்டிப் பார்த்தால், தொடக்கத்தில் ஓடி மறைந்த ஐம்பது வரிகளுக்கு நடுவே 'யூ.எஸ்.பி. ஆதரவு: இல்லை'. லிப்யூஎஸ்பி என்கிற தொகுதியின் மேம்பாட்டுப் பொதி கணினியில் இல்லை, அதனால் அந்தப் பகுதியை விட்டுவிட்டுப் பேசாமல் தொகுத்திருக்கிறது. அதைப் போட்டு மறுபடி தொகுத்தால் எல்லா அதிகாரமும் உள்ள ரூட்டாக இருந்தால் ஸ்கேனர் தெரிகிறது, சாதாரணப் பயனராக வந்தால் தெரியவில்லை. அது அனுமதிப் பிரச்சினை, என் கணக்கை ஸ்கேனர் குழுவில் சேர்த்ததும் சரியானது.

எடுத்துப் பார்த்தோம். கோடு போகவில்லை, இரட்டிப்பாகியிருந்தது! நான்குக்கு எட்டு. மச்சினன் முகம் வாடியது, எனக்குச் சிரிப்பு வந்தது. எட்டு என்றால் கணக்குச் சரி, திசைதான் தப்பு. கூட்ட வேண்டிய இடத்தில் கழித்திருக்கிறார். அதை அளவோடு எழுதினேன். இரண்டு நாளில் அடுத்த திருத்தம். இந்த முறை கறுப்புக் கோடு கறுப்பாகவே இருந்தது, மேலேயும் கீழேயும் வெறும் வெள்ளை. ஜிம்ப்பில் 800 சதவீதம் பெரிதாக்கி, அந்த ஓரத்தைக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

பலர் இங்கேதான் கையை உதறிவிட்டுப் போய்விடுகிறார்கள், நம் வேலை முடிந்தது என்று. திருத்தம் சரி என்று கருவி வைத்திருப்பவன் உறுதி சொன்னால்தான் அது உள்ளே போகும். மூன்று அளவிலும், கலரிலும் கறுப்பு வெள்ளையிலும் மறுபடி எடுத்து, முடிவை எழுதி, நன்றியும் சொன்னேன். பட்டியலில் என் மாடலுக்கு எதிரே 'சோதிக்கப்படாதது' போய் 'நன்று' வந்தது. 'முழுமை' இல்லை, முன்பக்கத்து பட்டன்கள் இன்னும் வேலை செய்வதில்லை. மாற்றக் குறிப்பில் சோதித்தவர் என்று என் பெயர். மனைவியிடம் காட்டினேன். "இதுக்குப் பைசா உண்டா?" என்றாள்.

மூலத்தில் சேர்ந்த திருத்தம் நம் கணினிக்குத் தானாக வந்துவிடாது. பெரும்பாலான லினக்ஸ் வகைகள் தங்கள் அடுத்த பெரிய பதிப்பில்தான் எடுத்துக்கொள்ளும், மாதக்கணக்கில் ஆகும். அதுவரை நாங்கள் தொகுத்ததே ஓடுகிறது. எப்படித் தொகுத்தோம் என்று ஒரு நோட்டில் வரிவரியாக எழுதி வைத்திருக்கிறேன், கேபினட்டில் 'இதில் கை வைக்காதே' என்று ஒரு சீட்டும் ஒட்டியிருக்கிறேன். கடையில் வேலை பார்க்கும் பெண் முதல் நாளே அதற்குக் கீழே 'யாரும் வைக்கல' என்று எழுதிவிட்டாள்.

ஐப்பசி மழையில் பாட்டா மறுபடி வந்தார், துண்டில் இன்னும் ஒரு ஆதாரம், நாலு பக்கம். 600-இல் கலரில் எடுத்துத் திரையில் பெரிதாக்கினேன். பழுப்பு மை காகிதத்திலிருந்து பிரிந்து நின்றது. சங்கு முத்திரையின் சுழி தெரிந்தது. பாட்டா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் வந்து, வடக்கு எல்லையில் யார் பெயர் என்று எழுத்துக்கூட்டி வாசித்தார். அவர் அம்மாவின் தகப்பனார் பெயராம்.

"எவ்வளவு மக்கா?"

"பக்கத்துக்கு 20 பாட்டா. நாலு பக்கம், 80 ரூபாய்."

"ஜங்ஷன்ல ரெண்டு ரூபாய்க்கு எடுக்கானே."

"அது ஜெராக்ஸ் பாட்டா."

"ரெண்டும் பேப்பர்தானடே வருது" என்று சொல்லி, 70 ரூபாயை எண்ணி மேசையில் வைத்துவிட்டுக் குடையை விரித்தார்.